ஆறு பேரின் ஆதரவு

அட்டையின் முதல் வரிக்கே குசாகாவுக்கு ஒன்றரை நாள் பிடித்தது. மொத்த அட்டைக்கும் நான்கு நாள்.

அஞ்சலட்டை அளவுதான். அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு மனைவி மிசாவோ கடைக்குப் போக வேண்டும். சொல்ல வேண்டியதும் பெரிய விஷயமில்லை. நோயினால் முகக்கவசம் அணிய முடியாது, அவ்வளவே. ஆனால் குசாகா, சகாதா நகரத்து அச்சகம் ஒன்றில் முப்பத்தாறு வருடம் பிழை திருத்தியவர். அந்த அச்சகத்துக்கு வந்த வேலையில் பாதி மன்னிப்பு. கடை மூடுவதற்கு மன்னிப்பு, விலை ஏற்றுவதற்கு மன்னிப்பு, சாலையைத் தோண்டுவதற்கு மன்னிப்பு, வீட்டில் சாவு விழுந்ததால் புத்தாண்டு வாழ்த்து அனுப்ப முடியாததற்கும் மன்னிப்பு. ஊரார் சார்பில் மன்னிப்புக் கேட்டுக் கேட்டே அவர் ஓய்வு பெற்றார். தன் சார்பில், தன் வாயால், யாரிடமாவது கேட்டிருக்கிறாரா என்று யோசித்தால் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. மனைவியிடம் கேட்டதில்லை என்பது மட்டும் உறுதி.

மிசாவோவுக்கு வந்தது முகத்து நரம்பு வலி. இடது கன்னத்தில் ஒரு நூல் உரசினால் போதும், தாடையிலிருந்து கண் வரைக்கும் மின்சாரம் பாய்ந்ததுபோல் இழுக்கும். பல் துலக்குவதே தண்டனை. குளிர்காற்றுக்கும் பயந்தாக வேண்டும். முகக்கவசத்தின் துணியும் வாரும் கன்னத்தில் படவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வலி வராத நேரத்தில் பார்த்தால் அவள் அறுபத்து நான்கு வயதுக்கு நல்ல ஆரோக்கியமாகத் தெரிவாள். அதுதான் தொல்லையாகப் போயிற்று.

பெருந்தொற்றின் இரண்டாவது குளிர்காலம் அது. முகக்கவசம் போட வேண்டும் என்று சட்டம் எதுவும் கிடையாது. கடை வாசலில் இருந்தது ஒரு வேண்டுகோள்தான், கைகூப்பி நிற்கும் முயல் படத்தோடு. வேண்டுகோளாக இருந்ததுதான் சிக்கல் என்று குசாகா நினைத்தார். சட்டமாக இருந்தால் யாருக்கு விலக்கு என்று கீழே ஒரு வரி எழுதியிருப்பார்கள். வேண்டுகோளில் விலக்குக்கு ஏது இடம்? கும்பிட்டுக் கேட்கும் முயலிடம் முடியாது என்று எப்படிச் சொல்வது?

இரண்டு மாதம் குசாகாவே கடைக்குப் போனார். மனிதர் திருத்தாத பிழை எல்லாம் பையில் இருந்தது. கண் மங்கிய கானாங்கெளுத்தி, சூப்புக்குக் கேட்டால் வறுப்பதற்கான டோஃபு என்ற சோயாக் கட்டி, சூப்புக்கு ஆகாத வெங்காயத்தாள். மிசாவோ ஒன்றும் சொல்லாமல் சமைத்தாள். கல்யாணமான நாளிலிருந்து மாலை நான்கு மணி என்றால் அவள் மீன் பகுதியில் இருப்பாள். அங்கே அவசரமில்லாமல் குனிந்து ஒவ்வொரு மீனாகப் பார்ப்பாள், மீன் வெட்டுகிற பெண்ணிடம் நாலு வார்த்தை பேசுவாள், ஒன்றை எடுப்பாள். வலி வந்த பிறகு தோழிகளின் பாட்டு வகுப்பு நின்றது, கடற்கரை நடை நின்றது. மிச்சமிருந்தது அந்த நான்கு மணிதான். அதுவும் போனால் அவள் வீட்டுக்குள்ளேயே முடங்கிப் போவாள் என்று குசாகாவுக்குத் தெரிந்திருந்தது. தெரிந்துகொண்டு, வழக்கம்போல, பேசாமல் இருந்தார்.

ஒருநாள் அவளே சொன்னாள், திங்கட்கிழமையிலிருந்து நான் போகப்போகிறேன் என்று. அதற்குத்தான் இந்த அட்டை.

பதினொரு வரி வந்திருந்தது. "தங்களுக்குச் சங்கடமும் அச்சமும் விளைவிப்பதற்காக உளமார வருந்துகிறேன்" என்று தொடங்கி, தவிர்க்க இயலாத மருத்துவக் காரணத்தைத் தொட்டு, தங்கள் பெருந்தன்மையை நாடி முடிந்தது. மிசாவோ கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தாள்.

"நான் என்ன தப்பு பண்ணேன்?"

"தப்பு ஒண்ணும் இல்ல. எல்லாமே இப்படித்தான் ஆரம்பிக்கும்."

"எல்லாம்னா?"

"எல்லா அறிவிப்பும்."

"நான் அறிவிப்பு இல்லைங்க," என்றாள். ஆனாலும் மாட்டிக்கொண்டாள். அவளுக்குப் போக வேண்டும்.

குசாகாவும் துணைக்குப் போனார். துணை என்பது அவர் அகராதியில் ஆறேழு அடி தள்ளி, கையில் தனிக் கூடையோடு, யாரோ போல வருவது. அங்கே நடந்ததை அவர் நான்கு நாளில் ஒரு நிமிடம்கூட யோசித்துப் பார்த்திருக்கவில்லை. பதினொரு வரியைத் தூரத்திலிருந்து படிக்க முடியாது. ஆகவே ஒவ்வொருவரும் கிட்டே வந்து படித்தார்கள். தரையில் ஒட்டியிருந்த இடைவெளிக் குறிகளைத் தாண்டி, மிசாவோவின் மார்புக்கு ஒரு சாண் தூரத்தில் குனிந்து, ஆவி படிந்த கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் படித்தார்கள். படித்து முடித்ததும், இவ்வளவு மரியாதையாகக் கேட்டிருக்கிறாரே என்று ஆழமாகக் குனிந்து வணங்கினார்கள். அதற்குள் பின்னால் இன்னொருவர் காத்திருந்தார். ஊரிலேயே யாரும் அண்டக் கூடாத ஒருத்தியைச் சுற்றி ஒரு வரிசையை உண்டாக்கிய பெருமை குசாகாவைச் சேர்ந்தது.

அந்தக் கடையில், பணம் கட்டி வெளியே வரும் வழியில், வாடிக்கையாளர் குரல் என்று ஒரு பலகை உண்டு. நூலில் கட்டிய பென்சில், சீட்டுக் கட்டு, ஒரு பெட்டி. யார் வேண்டுமானாலும் பெயரில்லாமல் எழுதிப் போடலாம். மேலாளர் இமூரா ஒவ்வொரு சீட்டுக்கும் கீழே சிவப்பு மையில் கைப்பட பதில் எழுதி ஒட்டுவார். நேருக்கு நேர் எதையும் சொல்லிக்கொள்ளாத ஊர், அந்தப் பலகையில் மட்டும் மனம்விட்டுப் பேசும்.

அந்த வாரக் கடைசியில் மூன்று சீட்டுகள் வந்தன. அட்டைக்காரியைச் சுற்றிக் கூட்டம் சேர்கிறது, ஆபத்து என்றது ஒன்று. அட்டையை யார் வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம், டாக்டர் சான்றிதழ் கேட்க வேண்டாமா என்றது அடுத்தது. குடும்பத்தில் வேறு யாரும் இல்லையா, இருந்தால் அவரை அனுப்பலாமே என்றது மூன்றாவது. மூன்றுக்கும் இமூரா ஒரே மாதிரி பதில் எழுதியிருந்தார். மிகவும் வருந்துகிறோம், ஆலோசிக்கிறோம். ஆலோசிக்கிறோம் என்றால் என்ன அர்த்தம் என்று குசாகாவுக்குத் தெரியும். அவரே அதை ஆயிரம் தடவை அச்சேற்றியிருக்கிறார்.

மிசாவோ மூன்றையும் நின்று படித்தாள். வீட்டுக்கு வந்து அட்டையைக் கழற்றி இழுப்பறைக்குள் வைத்தாள்.

"இனிமே நீங்களே போங்க."

அவ்வளவுதான் சொன்னாள். குசாகாவுக்கு மௌனம் பிடிக்கும். புத்தகமும் மௌனமும் இருந்தால் ஒரு மாதம் கதவைத் திறக்காமல் இருப்பார். ஆனால் அடுத்த நாட்களில் வீட்டில் இருந்த மௌனம் அவருடையது அல்ல. நான்கு மணி அடிக்கும்போது மிசாவோ சமையலறை ஜன்னலருகே போய் நிற்பாள், ஐந்து மணிக்கு உட்காருவாள். அந்த ஒரு மணி நேரம் அவரால் ஒரு பக்கம்கூடப் புரட்ட முடியவில்லை.

ஏதாவது செய்தாக வேண்டும். இமூராவிடம் போய் இரண்டு வாக்கியம் பேசியிருக்கலாம். இமூரா தினமும் முட்டை அடுக்கின் பக்கத்தில்தான் நிற்கிறார். இரண்டு முறை குசாகா அவருக்கு எதிரே போய் நின்றார். ஒருமுறை முட்டை வாங்கினார், இன்னொருமுறையும் முட்டை வாங்கினார். பிறகு பலகையிலிருந்து சில வெற்றுச் சீட்டுகளைக் கிழித்துக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

பத்து நாளில் ஆறு பேர் மிசாவோவுக்கு ஆதரவாக எழுதினார்கள். முதலாவது, வலையில் சிக்கி இரண்டு விரல் இழந்த ஓய்வுபெற்ற மீனவர். அதற்குக் குசாகா இடது கையால் எழுதினார். இரண்டாவது இரட்டைக் குழந்தைகளின் தாய், எழுத்தில் அவசரம் தெரிய வேண்டும் என்பதற்காக நின்றுகொண்டே எழுதினார். மூன்றாவது ஒரு நர்ஸ். நான்காவது ஊருக்குப் புதிதாக வந்தவர். ஐந்தாவது, முதலில் மிசாவோவை எதிர்த்துவிட்டு யோசித்து மனம் மாறிய ஒரு சிடுமூஞ்சிக் கிழவர். மனம் மாறுகிற இடம் நம்பும்படி வர மூன்று சீட்டு வீணாயிற்று. ஆறாவது, பள்ளிக்கூடப் பெண். பள்ளிப் பெண்களுக்கே உரிய உருண்டை எழுத்துக்காக அவர் பேருந்து நிறுத்தத்தில் ஒரு மாணவியின் நோட்டை எட்டிப் பார்த்து, அவள் எழுந்து வேறு இருக்கைக்குப் போகும் அளவுக்கு ஆராய்ச்சி செய்தார். "என் வகுப்பிலும் மாஸ்க் போட முடியாத ஒருத்தி இருக்கிறாள். அவள் யாரிடமும் பேசுவதில்லை. அந்த அம்மா நான்கு மணிக்கு மீன்களைப் பொறுமையாகப் பார்ப்பதைக் காணும்போது, அவளும் ஒருநாள் இப்படி வெளியே நடப்பாள் என்று தோன்றுகிறது" என்று, வழக்கமான முதல் வரிக்குப் பிறகு, அந்தப் பெண் எழுதியிருந்தாள். எழுதி முடித்து குசாகா கண்ணைத் துடைத்துக்கொண்டார். தன் எழுத்துக்குத் தானே அழுகிற வயது வந்துவிட்டது என்று அதற்கும் ஒரு முறை வெட்கப்பட்டார்.

இமூரா ஆறையும் ஒட்டினார். ஆறுக்கும் கீழே சிவப்பு மையில், மிக்க நன்றி, அப்படியே கவனத்தில் கொள்கிறோம் என்று எழுதினார்.

பலகையில் ஏதோ எழுதியிருக்கிறார்கள்போல, என்று மட்டும் குசாகா வீட்டில் சொன்னார். முகத்தை நாளிதழுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு சொன்னார். மறுநாள் மிசாவோ கூட்டமில்லாத மதிய நேரத்தில் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே பேச ஆரம்பித்துவிட்டாள். ஆறு பேராம். அதில் ஒரு மீனவராம், விரலே இல்லையாம், அந்தக் கையால் இவளுக்காக எழுதியிருக்கிறாராம். பள்ளிக்கூடப் பெண்ணின் சீட்டை வீட்டுக் குறிப்பேட்டின் பின்பக்கத்தில் நகல் எடுத்துக்கொண்டு வந்திருந்தாள். அதை அவருக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டினாள். குசாகா நன்றாக எழுதியிருக்கிறாள் என்றார். அந்தக் கணத்தில் அவர் மகிழ்ச்சியாக இருந்தார் என்பதை மறைக்க முடியாது. யாரும் அவர் எழுத்தை அதுவரை பாராட்டியதில்லை.

அன்று நான்கு மணிக்கு அவள் அட்டை இல்லாமல் கிளம்பினாள். மறுநாளும், அதற்கு மறுநாளும். யாராவது முறைத்தால் ஆறு பேரை நினைத்துக்கொள்வேன் என்றாள். வீட்டில் மீன் மீனாக ருசித்தது. இரவில் அவள் தூங்கிய பிறகு குசாகா விழித்திருந்து, இதை எப்போது சொல்வது என்று யோசிப்பார். யோசனையின் முடிவு எப்போதும் ஒன்றுதான், நாளைக்கு வேண்டாம்.

ஜனவரி நடுவில், பனி விடாமல் கொட்டிய ஒரு வியாழக்கிழமை, அது நடந்தது. மிசாவோ மீன் பகுதியில் குனிந்து நின்றாள். குசாகா டோஃபு அடுக்கருகே, தன் வழக்கமான ஆறேழு அடியில். தோகி என்ற பெரியவர் அவளுக்கு இரண்டடி தள்ளி வந்து நின்றார். குடியிருப்போர் சங்கத்தில் குப்பை எடுக்கும் நாட்களைப் பட்டியலிடுபவர். குரல் உயர்த்தத் தெரியாத மனிதர்.

"அம்மா, கொஞ்சம் வெளியில போயிடுங்களேன். கெஞ்சிக் கேட்டுக்கறேன்."

மிசாவோ நிமிர்ந்தாள். முகம் வெளுத்தது, ஆனால் பின்வாங்கவில்லை. "எனக்கு முடியாதுங்க. பலகையில ஆறு பேர் எழுதியிருக்காங்க, படிச்சுப் பாருங்க."

"படிச்சேன். ஆறு பேரா? இந்தக் கடைக்குத் தினம் நான் வரேன். ஒருத்தரையும் பார்த்ததில்ல." தோகி சுற்றிலும் பார்த்தார். "யாராவது இங்க இருந்தா கை தூக்குங்களேன். நானும் தெரிஞ்சுக்கறேன்."

மீன் பகுதியில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். எல்லோரும் கூடைக்குள் பார்த்தார்கள். மிசாவோ ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். ரொட்டி அடுக்கின் அருகே சீருடையில் ஒரு மாணவி பன் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். மிசாவோவின் பார்வை அவளிடம் வந்து நின்றது, கொஞ்சம் சிரிப்போடு, கொஞ்சம் கெஞ்சலோடு. அந்தப் பெண் ஒன்றும் புரியாமல் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள்.

குசாகாவால் தாங்க முடியாமல் போனது அதுதான். அறுபத்தேழு வருட வாழ்க்கையில் பொது இடத்தில் முதல் தடவையாக அவர் கையைத் தூக்கினார். கையில் டோஃபு இருந்தது.

அவரைப் பார்த்ததும் மிசாவோவின் முகம் இளகிவிட்டது. "நீங்க கணக்கில்லைங்க. வீட்டுக்காரர் எப்பவும் நம்ம பக்கம்தான்," என்றாள். யாரோ மெல்லச் சிரித்தார்கள். தப்பிக்க இதைவிட நல்ல வாசல் கிடைத்திருக்காது. கையை இறக்கிச் சிரித்தபடி நின்றிருந்தால் போதும்.

"ஆறும் நான்தான்," என்றார் குசாகா.

அவருக்கே கேட்டதா என்ற சந்தேகத்தில் மறுபடியும் சொன்னார். "ஆறும். மீனவர், நர்ஸ், எல்லாம். நான் எழுதினேன்."

முட்டை அடுக்கிலிருந்து வந்து ஓரமாக நின்றிருந்த இமூரா தொண்டையைச் செருமினார். "எங்களுக்குத் தெரியும் சார்," என்றார் தணிந்த குரலில். "கையெழுத்து வேற வேறதான். ஆனா ஆறு பேருமே முதல் வரியில எங்ககிட்ட மன்னிப்புக் கேட்டிருந்தாங்க. பள்ளிக்கூடப் பொண்ணுகூட."

மிசாவோ மீன் தட்டைக் கீழே வைத்தாள். அவள் அப்படியே வெளியே நடந்துவிடுவாள், இனி ஒருபோதும் வரமாட்டாள் என்று குசாகா நினைத்தார். அவள் தோகி பக்கம் திரும்பினாள்.

"முகத்து நரம்புல வலி. துணி பட்டா உயிர் போகுது. அதான் போடல," என்றாள். "ஆறு பேர்லாம் இல்ல. நான் ஒருத்திதான் சொல்றேன்."

தன் மனைவிக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் என்றார் தோகி. ஒரு சளி பிடித்தாலும் போய்விடுவாள் என்று டாக்டர் சொல்லியிருக்கிறாராம். கடைக்கு வருவது இவர் ஒருவர்தான். வீட்டுக்குப் போனதும் சட்டையை வாசலிலேயே கழற்றிவிடுகிறாராம். சொல்லிவிட்டு, இதையெல்லாம் யாரிடமும் சொன்னதில்லை என்பதுபோல் தரையைப் பார்த்தார்.

"அப்ப பயமாத்தான் இருக்கும்," என்றாள் மிசாவோ. "நீங்க எடுத்துட்டுப் போற வரைக்கும் நான் அந்தக் கோடியில நிக்கறேன். முதல்ல நீங்க எடுங்க."

அவள் அரிசி மூட்டைகள் வரை நடந்து போய் நின்றாள். தோகி தடுமாறி, கண் மங்கிய மீன் ஒன்றை எடுத்தார். அங்கிருந்தே மிசாவோ, அது வேண்டாம், பக்கத்துத் தட்டு என்றாள். அவர் மாற்றி எடுத்தார். குனிந்து வணங்கிவிட்டுப் போனார்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் அவள் முன்னால் நடந்தாள், கன்னத்தைக் காற்றுக்குக் காட்டாமல் குடையைச் சாய்த்துக்கொண்டு. குசாகா பின்னால். இப்போது ஆறேழு அடி இடைவெளியை வைத்தது அவரல்ல. தபால் நிலையம் தாண்டியதும் அவள் நின்றாள்.

"அந்தப் பள்ளிக்கூடப் பொண்ணுமா?"

"ஆமா."

இன்னும் கொஞ்ச தூரம் நடந்தாள். "அவளை எனக்குப் பிடிச்சிருந்தது," என்றாள்.

மன்னிச்சிடு என்று குசாகா சொன்னார். எழுதிப் பார்க்காமல் சொன்னதால் குரல் எங்கோ உடைந்து, பாதி வார்த்தை முகக்கவசத்துக்குள்ளேயே தங்கிவிட்டது. அவளுக்குக் கேட்டதா என்று தெரியவில்லை. பனியில் அவள் காலணிச் சத்தம் மட்டும் சீராகப் போய்க்கொண்டிருந்தது.

மறுநாள் காலை முழுக்க அவள் பேசவில்லை. மதியமும் பேசவில்லை. நான்கு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது பையை எடுத்தாள். குசாகா எழுந்து கோட்டைத் தேடினார்.

"நீங்க வேண்டாம்," என்றாள். "யாராவது கேட்டா நானே சொல்லிக்கறேன்."

ஐந்து மணி ஆயிற்று, ஐந்தேகால் ஆயிற்று. அவர் அவள் நிற்கும் ஜன்னலருகே நின்றார். வெளியே தெரிந்தது பக்கத்து வீட்டுச் சுவர் மட்டும்தான். இத்தனை நாளும் அவள் இதையா பார்த்துக்கொண்டிருந்தாள்?

ஐந்தரைக்குக் கதவு திறந்தது. நாலு பேர் கேட்டார்கள், நாலு பேரிடமும் சொன்னேன் என்றாள் மிசாவோ, பையை மேசையில் வைத்தபடி. ஒரு பெண்ணின் அண்ணனுக்கும் இதே வலியாம், அவளோடு பேசியதில் நேரமாகிவிட்டதாம். ஒருவர் மட்டும் நம்பவில்லை.

"அவர்கிட்ட என்ன சொன்னே?"

"நம்பாட்டி போகட்டும், கொஞ்சம் நகருங்கன்னேன். அவர் பின்னாலதான் சோயா சாஸ் இருந்தது."

குசாகா அந்த வாக்கியத்தை மனத்துக்குள் ஒருமுறை படித்துப் பார்த்தார். திருத்துவதற்கு ஒன்றும் இல்லை. மீனை எடுத்துக் கழுவப் போனார்.